மைதானத்தின் சாவி யாரிடம்?

தமிழ்நாட்டு வீடுகளில் அந்தி வேளையில் தவறாமல் கேட்கும் வாக்கியம் ஒன்று உண்டு. "ஆடினது போதும், உள்ளே வந்து புஸ்தகத்தை எடு!" என்பதே அது. இந்தச் சிறு வாக்கியத்துக்குள் ஒரு முழுத் தத்துவ சாஸ்திரம் அடங்கியிருக்கிறது. ஆட்டம் காலுக்கு, படிப்பு தலைக்கு. காலுக்குக் கொடுத்த நேரமெல்லாம் தலையிடமிருந்து திருடிய நேரம் என்பதுதான் அந்தத் தத்துவம். பாட்டனார் இதை நம்பினார், தகப்பனார் நம்புகிறார், பரீட்சை நெருங்கும்போது உபாத்தியாயரும் நம்பத் தொடங்கிவிடுகிறார். நம்பாதவர் ஒருவர்தான். அவர் அந்த வீட்டுப் பிள்ளை. ஆனால் அவருடைய அபிப்பிராயத்தை யார் கேட்கிறார்கள்?

மூளையைப் பற்றி ஆராய்கிற விஞ்ஞானிகள் சென்ற சில பத்தாண்டுகளாக அந்தப் பிள்ளையின் கட்சியில் சேர்ந்து வருகிறார்கள் என்பது நேயர்களுக்கு வியப்பாக இருக்கலாம். அமெரிக்காவில் இல்லினாய் சர்வகலாசாலையைச் சேர்ந்த சார்லஸ் ஹில்மன் என்பவரும் அவருடைய சகாக்களும் ஒரு பரிசோதனை நடத்தி, அதன் முடிவை 2014-ல் வெளியிட்டார்கள். ஏழு வயதிலிருந்து ஒன்பது வயது வரையிலான 221 குழந்தைகளைச் சீட்டுக் குலுக்குவது போல் இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குப் பள்ளி விட்ட பிறகு தினந்தோறும் இரண்டு மணி நேர விளையாட்டுப் பயிற்சி. ஒன்பது மாத காலம் இது நடந்தது. மற்றப் பிரிவு வழக்கம்போல் வீட்டுக்குப் போயிற்று. முடிவில் இரு சாராரையும் சோதித்தபோது, விளையாடிய குழந்தைகள் கவனத்தைச் சிதறவிடாமல் நிறுத்துவதிலும், ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குச் சட்டென்று மனத்தைத் திருப்புவதிலும் மற்றவர்களை முந்தியிருந்தார்கள். அது மட்டுமல்ல, பயிற்சிக்கு அதிக நாள் வந்த குழந்தைகளுக்கு அதிகப் பலன் கிடைத்திருந்தது.

இதன் காரணம் மந்திரமல்ல. ஓடி ஆடும்போது இரத்த ஓட்டம் வேகமடைந்து மூளைக்கும் மிகுதியாகச் செல்கிறது. நரம்பணுக்கள் வளர்வதற்கும் ஒன்றோடொன்று பிணைவதற்கும் உரம் போல் உதவுகிற ஒருவகைப் புரதம் அதிகமாகச் சுரக்கிறது. ஞாபக சக்திக்கு இருப்பிடமான மூளைப் பகுதிக்கு இந்த உரம் மிகவும் வேண்டியது. இவை தவிர, விளையாட்டே மூளைக்கு ஒரு பாடந்தான். கபடியில் பாடிக்கொண்டு எதிர்ப் பக்கம் நுழைகிற பையனைக் கவனியுங்கள். மூச்சை அடக்க வேண்டும். ஏழு பேர் எங்கெங்கே நிற்கிறார்கள் என்று கணக்கு வைக்க வேண்டும். தொடலாமா, திரும்பலாமா என்று அரை விநாடியில் தீர்மானிக்க வேண்டும். ஆசை உந்தினாலும் அடி எடுத்து வைக்காமல் தன்னைத் தானே பிடித்து நிறுத்த வேண்டும். கிளித்தட்டு ஆடுகிற பெண்ணுக்கும் இதே வேலைகள்தாம். கணக்குப் பரீட்சையில் உட்கார்ந்திருக்கும் மாணவனுக்கு வேண்டிய குணங்களில் எது இவற்றில் விட்டுப் போயிற்று?

இந்த இடத்தில் மிகைப்படச் சொல்லாமல் இருப்பது தர்மம். நாலு நாள் ஓடினால் நாற்பது மார்க்கு நூறாகிவிடும் என்று எந்த யோக்கியமான ஆராய்ச்சியும் சொல்லவில்லை. 2010-ல் அமெரிக்க அரசாங்கத்தின் நோய்த் தடுப்பு நிலையம் ஐம்பது ஆராய்ச்சிகளைத் திரட்டிப் பார்த்தது. உடற்பயிற்சிக்கும் படிப்புக்கும் இடையே அவற்றில் அளக்கப்பட்ட 251 தொடர்புகளில் பாதிக்குச் சற்று அதிகமானவை நன்மையைக் காட்டின. ஏறக்குறைய மீதிப் பாதி நன்மையும் காட்டவில்லை, தீமையும் காட்டவில்லை. கெடுதல் காட்டியவை நூற்றுக்கு ஒன்றரைதான். அதாவது, விளையாட்டினால் படிப்பு உயரக்கூடும். உயராவிட்டாலும் தாழ்வது மிக அபூர்வம். விளையாட்டு நேரத்தைப் பிடுங்கிக் கணக்குக்குக் கொடுக்கும் வழக்கத்துக்கு ஆதாரம் ஒன்றுமில்லை என்று இதிலிருந்து நாம் துணிந்து சொல்லலாம். நோய்க்கு வைத்தியம் பார்க்கிறவர் இவ்வளவு பத்திரமான மருந்தைக் கண்டால் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

இனி நம் ஊருக்கு வருவோம். சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்ற மூன்று ஊர்களைப் பற்றிய பேச்சுக்கு இந்த வாரம் இடம் ஒதுக்கியதற்குக் காரணம் உண்டு.

இந்தப் பிரதேசம் இன்று புத்திக்குப் பெயர் போனதாகிவிட்டது. அம்பத்தூரை அடுத்த பாடியில் வளர்ந்த அண்ணனல்ல, தம்பியும் அக்காளும் — பிரக்ஞானந்தாவும் வைஷாலியும் — இருவருமே சதுரங்கத்தில் கிராண்ட்மாஸ்டர்கள். 2024-ம் வருஷம் டிசம்பர் மாதம் சிங்கப்பூரில் டிங் லிரனைத் தோற்கடித்து, பதினெட்டு வயதிலேயே உலகப் பட்டம் பெற்ற குகேஷ், மேல் அயனம்பாக்கத்திலுள்ள பள்ளிக்கூடத்தின் மாணவர். ஆகவே இந்தப் பக்கத்துப் பெற்றோர்கள் தங்கள் வீட்டுப் பிள்ளையையும் ஒரு சதுரங்கப் பலகையின் முன்னால் உட்கார வைத்துவிட்டால் போதும் என்று எண்ணுவது இயல்பே. ஆனால் உட்கார்ந்து ஆடும் அந்த ஆட்டத்திற்கே ஓடி ஆடும் தேகம் வேண்டியிருக்கிறது. ஐந்து, ஆறு மணி நேரம் ஒரே கருத்தாய் இருக்கச் சரீர பலம் வேண்டும் என்று அறிந்து, ரஷ்ய நாட்டு போட்வினிக் தம்முடைய ஆயத்தத்தில் தேகாப்பியாசத்தையும் சேர்த்துக் கொண்டார்; நம் விசுவநாதன் ஆனந்தும் அப்படியே செய்தார். சிரத்தின் ஆட்டத்துக்கே சரீரம் அஸ்திவாரம் என்றால், மற்றப் படிப்புகளைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

அம்பத்தூரின் தொழிற்பேட்டை 1960-களில் உருவானது. ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையும், ராணுவ உடுப்புத் தொழிற்சாலையும், போலீஸ் பட்டாளங்களும் இருக்கின்றன. பூந்தமல்லி பழைய ராஜபாட்டையின் மேல் அமைந்த ஊர். மூன்று ஊர்களும் வேலை தேடி வந்தவர்களால் பெருகியவை. வீடுகள் பெருகின; ஏரிக் கரை வரையில் மனைகள் பெருகின; கார்களும் மோட்டார் சைக்கிள்களும் பெருகின. பெருகாதது ஒன்றுதான்: குழந்தை ஓடுவதற்கு இடம். வயலும் தோப்பும் இருந்த நாளில் எந்தச் சங்கமும் மைதானம் கட்டிக் கொடுக்கவில்லை; அறுவடையான வயலே மைதானமாயிருந்தது. வயல் மனையான பிறகு தெரு இருந்தது. தெரு வாகனம் நிறுத்தும் கொட்டகையான பிறகு மொட்டை மாடி இருந்தது. இப்போது மொட்டை மாடிக்கும் பூட்டுப் போட்டாகிவிட்டது.

இதனால் நேர்ந்த விளைவு எல்லாருக்கும் ஒரே மாதிரியானதல்ல. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இறகுப்பந்துக் கூடம் இருக்கிறது. நீச்சல் குளம் இருக்கிறது. மாதக் கட்டணம் கட்டி, சீருடை வாங்கி, காரில் கொண்டு போய் விட்டுக் கூட்டி வரத் தகப்பனார் இருக்கிறார். பேட்டையில் இரண்டாவது ஷிப்டு வேலை பார்க்கும் தொழிலாளியின் மகளுக்கு என்ன இருக்கிறது? பள்ளிக்கூடத்தில் வாரத்துக்கு இரண்டு பீரியடு இருக்கிறது. அதையும் பத்தாம் வகுப்பு வந்ததும் கணக்கு வாத்தியார் கைமாற்றாக வாங்கிக் கொள்கிறார். கைமாற்று வாங்கியவர்கள் திருப்பிக் கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை.

1955-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் காங்கிரஸ் மகாசபை இதே ஆவடியில் கூடியது. சமதர்மப் பாங்கான சமுதாயத்தை அமைப்பதே தேசத்தின் லட்சியம் என்று தீர்மானம் நிறைவேறியதும் அங்கேதான். ஆவடி என்ற பெயர் அப்போது பாரத தேசம் முழுவதும் ஒலித்தது. அந்தத் தீர்மானத்தைப் பற்றிப் பொருளாதார நிபுணர்கள் எத்தனையோ எழுதியிருக்கிறார்கள். நாம் ஒரு சின்ன உரைகல் வைத்துப் பார்க்கலாம்: ஆவடியில் மாலை ஐந்து மணிக்கு ஒரு பன்னிரண்டு வயதுப் பெண் பணம் கொடுக்காமல் பத்திரமாக ஓடி விளையாட ஓர் இடம் உண்டா? உண்டு என்றால் சமதர்மம் வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். இல்லையென்றால் மகாநாடு இன்னும் முடியவில்லை.

பெண்ணைக் குறிப்பிட்டுச் சொன்னதற்கும் காரணம் உண்டு. உலக சுகாதார ஸ்தாபனம் ஐந்து வயதிலிருந்து பதினேழு வயது வரையில் உள்ளவர்கள் சராசரியாகத் தினம் ஒரு மணி நேரமாவது மூச்சு வாங்கும்படி உடலை அசைக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. 146 நாடுகளின் 2016-ம் வருஷத்துக் கணக்கைப் பார்த்தபோது, பதினோரு வயதுக்கு மேற்பட்ட பள்ளிச் சிறுவர் சிறுமியரில் நூற்றுக்கு 81 பேர் அந்த அளவைத் தொடவில்லை. பையன்களில் 78, பெண்களில் 85. நம் தேசத்திலும் நாலில் மூன்று பங்குப் பிள்ளைகள் இந்தக் கணக்கில்தான் சேருகிறார்கள். பெண் வயதுக்கு வந்ததும் அவளுடைய கால்களுக்கு ஓய்வு கொடுத்துவிடுவது நம் வழக்கம். ஆனால் மூளை இன்னும் முழு வளர்ச்சி அடையாத வயது அது. ஓட்டமும் ஆட்டமும் மிகவும் வேண்டிய அந்தச் சமயத்தில்தான் கதவைச் சாத்துகிறோம்.

சட்டம் என்ன சொல்லுகிறது? 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில், பள்ளிக்கூடம் என்றால் அதற்கு விளையாட்டு மைதானம் வேண்டும் என்றும், விளையாட்டுச் சாமான்கள் வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையில் நூறு குழந்தைகளுக்கு மேல் இருந்தால் உடற்கல்விக்குப் பகுதி நேர ஆசிரியர் ஒருவர் வேண்டும் என்றும் கண்டிருக்கிறது. ஆகையால் விளையாட்டு என்பது நல்லவர்கள் மனமிரங்கிக் கொடுக்கும் தர்மமல்ல, குழந்தையின் பாத்தியதை. 2018-ல் மத்திய கல்வி வாரியம் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரையில் தினம் ஒரு பீரியடு உடற்கல்விக்கு ஒதுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. ஏட்டில் குறை ஒன்றுமில்லை. ஏட்டுச் சுரைக்காயைப் பற்றித்தான் நம் பெரியவர்கள் எப்போதோ தீர்ப்புச் சொல்லிவிட்டார்களே!

இந்தத் துறையில் சென்னைக்குப் பரம்பரை இல்லை என்றும் சொல்ல முடியாது. 1897-ல் சென்னையில் பிரசங்கம் செய்த சுவாமி விவேகானந்தர், நம் வாலிபர்களுக்கு முதலில் உடல் வலிமை வேண்டும், சமய ஞானம் அதன் பின்னால் வரும் என்று வற்புறுத்தி, கால்பந்தாட்டத்தையே உதாரணமாக எடுத்துக் காட்டினார். 1920-ல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். ஆசியாவிலேயே இத்தகைய முதல் கல்லூரி என்று அது பெயர் பெற்றது. நந்தனத்தில் உள்ள அந்தக் கல்லூரியில் பயின்றவர்கள் தேசமெங்கும் சென்று பள்ளிக்கூடங்களில் ஊதுகுழல் ஊதியிருக்கிறார்கள். விதை நெல் நம்மிடம் இருக்கிறது. விதைக்கத்தான் நிலம் வேண்டும்.

நிலமும் இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. மாலை ஐந்து மணிக்கு மேல் இந்த ஊர்களில் உள்ள சர்க்கார் பள்ளிக்கூடங்களின் பக்கம் போய்ப் பாருங்கள். உள்ளே சிறிதோ பெரிதோ ஒரு மைதானம் வெறுமையாகக் கிடக்கும். வெளியே தெருவில், வண்டிகளுக்கு நடுவே, குழந்தைகள் பந்து ஆடிக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஓர் இரும்புக் கதவும் ஒரு பூட்டும் இருக்கும். கோடி கோடியாய்ச் செலவழித்துப் புது ஸ்டேடியம் கட்டுவது நல்லதுதான். ஆனால் அந்தப் பூட்டைத் திறக்க ஒரு சாவி போதும்.

சாவி யாரிடம் இருக்கிறது? அங்கேதான் சங்கடம். அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. ஆவடி 2019-ல் தனி மாநகராட்சியாயிற்று. பூந்தமல்லி நகராட்சி. பள்ளிக்கூடங்களோ கல்வி இலாகாவைச் சேர்ந்தவை. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் ஜில்லா. அம்பத்தூர் சென்னை ஜில்லா. ஆகவே ஒரு மைதானத்தைத் திறப்பதற்கு எத்தனை கையெழுத்து வேண்டும் என்று எண்ணிப் பார்ப்பதற்குள் பையன் வளர்ந்து கல்லூரிக்குப் போய்விடுவான். ஆனால் ஒரு நல்ல செய்தி: 2022-ல் ஏற்பட்ட ஆவடிப் போலீஸ் கமிஷனரின் ஆட்சி எல்லைக்குள் இந்த மூன்று ஊர்களும் வருகின்றன. திருடர்களைப் பிடிப்பதற்கு மூன்று ஊர்களும் ஒன்றுபட முடியுமானால், குழந்தைகளை விளையாட விடுவதற்கும் ஒன்றுபட முடியாதா?

ஆட்சேபங்கள் வரும். பள்ளித் தலைமை ஆசிரியர் சொல்லுவார்: "சாயங்காலம் திறந்துவிட்டால் கண்டவர்களெல்லாம் நுழைவார்கள், ஜன்னல் உடையும், பையனுக்குக் கால் முறிந்தால் நான்தான் பதில் சொல்ல வேண்டும்." இந்தப் பயம் நியாயமானது. இதைக் கேலி செய்து பிரயோஜனமில்லை. அவர் தலையில் இந்தப் பொறுப்பைக் கட்டக் கூடாது. மைதானத்துக்குத் தனி வாசலும், வகுப்பறைகளுக்குத் தனிப் பூட்டும், மாலை நேரத்துக்கென்று சம்பளம் பெறும் பயிற்சியாளர் ஒருவரும், காயத்துக்கு முதலுதவிப் பெட்டியும், பொறுப்பு இன்னாருடையது என்ற எழுத்து மூலமான உத்தரவும் இருந்தால் அவர் ஏன் மறுக்கப் போகிறார்?

"பயிற்சியாளருக்கு எங்கே போவது?" என்பார் இன்னொருவர். ராணுவத்திலும் போலீஸ் பட்டாளத்திலும் ஓய்வு பெற்றவர்கள் ஆவடியைப் போல் நிறைந்திருக்கும் ஊர்கள் குறைவு. காலை ஐந்து மணிக்கு எழுந்து ஓடும் பழக்கம் அவர்களை விட்டுப் போவதில்லை. பின்னால் ஓடுவதற்குப் பிள்ளைகளைத்தான் காணோம். அவர்களில் பொறுமையுள்ளவர்களைத் தேர்ந்து, குழந்தைகளோடு பழகும் முறையைச் சில வாரம் பயிற்றுவித்து, நன்னடத்தைச் சான்றையும் சரிபார்த்து நியமிக்கலாம். பெண் குழந்தைகளுக்குப் பெண் பயிற்சியாளர்களே வேண்டும். பக்கத்தில் சுத்தமான கழிப்பறையும் வேண்டும். இவ்விரண்டும் இல்லாத மைதானம் பெண்களைப் பொறுத்தவரையில் பூட்டிய மைதானமே.

"சாமான்களுக்குப் பணம்?" என்று மூன்றாமவர் கேட்பார். ஸ்காட்லாந்து தேசத்தில் ஸ்டிர்லிங் நகரத்து ஆரம்பப் பள்ளி ஒன்றில் எலைன் வைலி என்ற தலைமையாசிரியை 2012-ல் ஓர் ஏற்பாடு செய்தார். தினம் பதினைந்து நிமிஷம் குழந்தைகள் வகுப்பை விட்டு வெளியே வந்து, உடுத்திய உடையோடு, அவரவர் இஷ்டப்பட்ட வேகத்தில் பள்ளியைச் சுற்றி ஓட வேண்டியது; அவ்வளவுதான். பந்து இல்லை, மட்டை இல்லை, பந்தயம் இல்லை, முதல் பரிசு இல்லை. அந்த யோசனை இன்று பல தேசங்களில் பரவியிருக்கிறது. நமக்கு வெயில் ஒன்றுதான் வித்தியாசம். அதற்குக் காலை எட்டு மணிக்கு முன்பும், மாலை ஐந்து மணிக்குப் பின்பும் வேளை வைத்துக் கொள்ளலாம்; நிழலுக்கு நாலு வேப்ப மரமும், குடிக்க ஒரு குழாயும் வேண்டும்.

சைக்கிளையும் மறந்துவிடக் கூடாது. டி.ஐ. சைக்கிள் கம்பெனி 1949-ல் அம்பத்தூரில்தான் தோன்றியது. மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டு அரசாங்கம் இருபது வருஷங்களுக்கு மேலாக இலவசச் சைக்கிள் கொடுத்து வருகிறது. தினம் இரண்டு மைல் மிதித்துப் பள்ளிக்குப் போகிற பெண்ணுக்கு அன்றைய தேகாப்பியாசத்தில் ஒரு பங்கு செலவில்லாமல் முடிந்துவிடுகிறது. ஆனால் லாரிகள் உறுமிச் செல்லும் பூந்தமல்லிச் சாலையில் எந்தத் தாய் மனத் துணிவோடு அவளை அனுப்புவாள்? சைக்கிளைக் கொடுத்த கை, அது ஓடுவதற்குப் பத்திரமான ஓரப் பாதையையும் கொடுத்தால்தான் தானம் பூர்த்தியாகும்.

இவையெல்லாம் ஆகாத காரியங்களா? பசித்த வயிற்றில் பாடம் ஏறாது என்று கண்டு, 1920-ல் சென்னை நகரசபை தன் பள்ளி ஒன்றில் மதிய உணவு போட்டது. 1956-ல் காமராஜர் அதை மாகாணம் முழுவதும் பரப்பினார். 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார். 2022-ல் காலைச் சிற்றுண்டியும் வந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும், "சோறு போடுவது வீட்டு வேலையல்லவா, பள்ளிக்கூடத்துக்கு ஏன்?" என்று கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். இன்று அப்படிக் கேட்க யாருக்கும் வாய் வராது. சோறு உள்ளே போன பிறகு அதை இரத்தமாகவும் தெளிவாகவும் மாற்றுவது ஓட்டமும் ஆட்டமும். முதல் பாதியை நாம் தேசத்துக்கே வழிகாட்டியாகச் செய்துவிட்டோம். இரண்டாவது பாதிதான் பாக்கி.

அரசாங்கம் செய்யட்டும் என்று இருந்துவிடுவதும் சரியல்ல. இந்தப் பத்திரிகையை வாசிக்கும் குடும்பங்களில் பெரும்பாலானவை பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்துக்குப் போகிறவை. அங்கே வழக்கமாகக் கேட்கும் கேள்வி, "என் பிள்ளை எத்தனை மார்க்கு?" என்பது. அடுத்த கூட்டத்தில் இன்னும் மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கேளுங்கள். இந்த வாரம் என் மகள் எத்தனை பீரியடு விளையாடினாள்? விளையாட்டுப் பீரியடில் வேறு பாடம் நடந்ததா? மாலையில் மைதானத்தின் சாவி யாரிடம் இருக்கிறது?

ஒருவர் கேட்டால் உபாத்தியாயர் சிரிப்பார். பத்துப் பேர் கேட்டால் குறித்துக் கொள்வார். நூறு பேர் கேட்டால், சாவி தானே வந்து சேரும்.